கத்தி படாத வேண்டுதல்

“ரேசர எங்க வச்சீங்க அத்த?”

மருமகள் விஜயகலா கேட்டும், அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கருப்பாயி திரும்பவே இல்லை.

“எம்மவன் ஒடம்புல இனிமே கத்தி படாது! ரோதமுனி சாமிக்கு வேண்டிக்கிட்டேன். ஆடித் திருவிழாவுல மொட்ட போடுற வரைக்கும் அவன் மேல ஒரு மயிரத் தொடக் கூடாது!”

“தலைய யாரு தொட்டா? புண்ணச் சுத்திச் செரைக்கணும்னு ஆஸ்பத்திரி மிஸ்ஸிதான்…”

“வாய மூடுடி! கூடுற புண்ணத் தோண்டித் தோண்டித் துணி திணிக்கிறியே… நீ பொஞ்சாதியா, பேயா?”

விஜயகலாவின் கண் நிறைந்தது; மனம் அசையவில்லை. தேயிலைத் தோட்டத்து டிரெக்டரை ஓட்டிக் குலுங்கிக் குலுங்கி, கஜேந்திரனுக்கு முதுகு முடியும் இடத்தில் மயிர் உள்ளே குத்திச் சீழ் கட்டியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்து, தைக்காமல் விட்டிருந்தார்கள். ‘அடியிலிருந்து ஆறணும், மேல்தோல் முந்தினால் மறுபடி வெட்டத்தான்’ என்று நர்ஸ் மிஸ்ஸி கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தினமும் கட்டு மாற்றுவதற்காகவே விஜயகலா, வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பிரட்டை விட்டு, அரைநாள் சம்பளமான அரைப்பேருக்குக் கொழுந்து எடுத்தாள். அவன் மறுபடி வண்டி ஏறுவது அந்தக் குழி ஆறுவதில்தான் இருந்தது.

“ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க…”

குப்புறக் கிடந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “சாமி குத்தம் வேணாம் கலா. இனி அம்மாவே பாக்கட்டும்.”

கருப்பாயி மஞ்சளை அரைத்துப் பூசினாள். தோல் மூடியது. லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: “மூடிட்டேன் பாத்தீங்களா! இவ கையில இருந்திருந்தா எம்மவன் செத்திருப்பான்!”

ஆனால் அந்தத் தோல் சிவந்து மினுங்கியது. பிறகு காய்ச்சல் அனலாய் அடித்தது. விஜயகலா யாரையும் கேட்கவில்லை. கடைக்கார முக்தாரின் வேனைக் கூட்டி வந்தாள்.

“மாவு மூட்ட மேல குப்புறப் படுங்க மச்சான்,” என்றார் முக்தார். “மாவு ஒண்ணும் கோவிச்சுக்காது.”

கருப்பாயியும் அழுதுகொண்டே ஏறினாள்.

டவுன் ஆஸ்பத்திரி டொக்டர், மூடியிருந்த தோலைத் திறந்தார். சீழோடு ஒரு மயிர்க்கற்றை இடுக்கியில் வந்தது. கருப்பாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“முன்னே கட்டுப் போட்டது யார்? அடிப்பக்கம் அழகாக ஆறியிருக்கிறது. இந்த மேல்தோல்தான் கெடுத்துவிட்டது.”

வெளியே வந்ததும் கருப்பாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ரேசர்.

“ஆத்தா… நானே எம்புள்ளயக் கொல்லப் பாத்தேனே! ஒன்னயப் பேய்னேனே…”

“அழாதீங்க அத்த. அடி ஆறிருச்சுன்னு டொக்டரே சொல்லிட்டாரு. மிச்சத்த நான் ஆத்திக் காட்டுறேன்.”

“ஆனா… கத்தி படாதுன்னு சாமிக்குக் குடுத்த வாக்கு?”

விஜயகலா ரேசரை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். வாக்குக்கு ஒரு வழியைக் கருப்பாயியே கண்டுபிடித்தாள்.

ஆடியில் ரோதமுனியின் தேரைக் கஜேந்திரனின் டிரெக்டர் இழுத்தது. சீட்டில் தலையணை, அவன் தலையில் முடி அப்படியே இருந்தது. தேருக்கு முன்னால் மொட்டைத் தலையோடு கருப்பாயி நடந்தாள்.

“என்னா கெழவி, மவன் வேண்டுதலுக்கு நீயா மொட்ட?” என்று யாரோ சிரித்தார்கள்.

“கத்தி எம்மருமக கையில இருக்கட்டும். சாமிக்கு எந்தல போதும்!”

விஜயகலா ஓடிப்போய் அத்தையை நிறுத்தி, வெயிலில் காய்ந்த அந்தத் தலையில் இரண்டு கையாலும் சந்தனம் பூசினாள்.