பாதித் தட்டு

ஆதிலட்சுமி அந்த வீட்டுக்குக் குடிவந்தது ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அந்த நேரத்துக்குத் தெருநாய்கூட வெளியே வராது. கைவண்டிக்காரன் சாமான்களை இறக்கிவிட்டுத் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டான். அவளும் மகள் ஜெயமும் மட்டும் வாசலில் நின்றார்கள்.

நீளமான வீடு. முன்னறை, கூடம், சின்ன முற்றம், கடைசியில் சமைக்கிற குசினி. குசினிக்கு ஜன்னல் கிடையாது. புகை போக ஓட்டில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே விளக்கு வேண்டும். கதவு மட்டும் கனமான கதவு. அதன் வெளிப்பக்கம் நாதாங்கி, நாதாங்கியில் பூட்டு மாட்டித் தேய்ந்த வளையம்.

"குசினிக்கு எதுக்குக்கா வெளிய பூட்டு?" என்று பக்கத்து வீட்டு வீராயியிடம் கேட்டாள்.

"பூனைக்காக இருக்கும்" என்றாள் வீராயி. பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டாள். நாள் முழுக்கப் பேசக்கூடிய மனுஷி அவள்.

ஆதிலட்சுமிக்கு அந்த ஒரு வருஷத்தில் எல்லாம் வரிசை கட்டி வந்திருந்தன. ஆடியில் மில்லில் ஆள் குறைத்தார்கள், கணவன் கன்னியப்பன் வேலை போனது. தையில் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். பங்குனியில் கன்னியப்பன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான். பழைய வீட்டையும் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. இதற்கெல்லாம் அவள் ஊரைக் கூட்டி அழவில்லை. தின்றாள்.

மகள் பள்ளிக்கூடம் போனதும் பேக்கரி ரொட்டியைச் சர்க்கரை தொட்டுத் தின்பாள். வேர்க்கடலை, முறுக்கு, நேற்றைய குழம்பில் ஊறிய சோறு. வயிறு போதும் என்று சொல்லிவிடும், நெஞ்சு சொல்லாது. தின்னும் வரைக்கும் அம்மா நினைப்பு வராது, வெற்று வீட்டின் சத்தம் கேட்காது. கை கழுவியதும் எல்லாம் திரும்பி வந்துவிடும். ரவிக்கைகள் தையல் விட்டன. ஒருநாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பட்டென்று சொன்னார். "ரத்தத்துல சர்க்கரை, கொதிப்பு ரெண்டும் ஏறிக் கெடக்கு. ஒடம்பக் கொறைக்கணும். உன் பொண்ணுக்கு இங்க நீ ஒருத்திதான் இருக்க, ஞாபகம் வெச்சிக்க. தட்டுல வழக்கம்போல போடு, பாதிய எடுத்து ஓரமா வெச்சிடு. அது உன்னுது இல்லன்னு நெனச்சிக்க."

நல்ல யோசனைதான். அதைச் செய்யப்போன விதத்தில்தான் எல்லாம் கெட்டது.

மறுநாள் மதியம் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, பாதியை வேறொரு தட்டில் தள்ளினாள். அதைக் குசினி மூலையில் வைத்து மூடினாள். கண் அதன் மேலேயே போனது. வெளியே வந்து கதவைச் சாத்தி நாதாங்கியையும் போட்டாள். தன்னைத்தானே திட்டுவது அவளுக்குப் பழக்கம். "இது உனக்கில்லடி, மூதேவி. அவளுக்கு."

எவளுக்கு? அவளுக்கே தெரியாது. வாயில் வந்தது, சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவப் போனபோது, அவள் கை தானாகக் கதவை மூன்று முறை மெல்லத் தட்டியது. தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அம்மாவுக்குக் கருமாதி முடியும்வரை தினமும் படையல் போட்டுக் கதவைச் சாத்தியவள் அவள். இறந்தவர்கள் சாப்பிடும் நேரத்தில் சட்டென்று உள்ளே போய்விடக் கூடாது. தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விரலில் இருந்தது. சிரித்துக்கொண்டாள்.

மூடிய தட்டில் சோறு அப்படியே இருந்தது. வீணாக்க மனசில்லாமல் ஒரு வாய் எடுத்துப் போட்டாள்.

உப்பில்லை. புளிப்பில்லை. யாரோ மென்று சாறெடுத்துத் துப்பியது போல இருந்தது.

குழம்பு கெட்டுவிட்டது என்று நினைத்து ஓட்டின் மேல் வைத்தாள். காக்கை வந்தது. பார்த்தது. தொடாமல் பறந்துவிட்டது.

ஆனாலும் யோசனை பலித்தது. ஆனி மாதத்துக்குள் உடம்பு இறங்கியது. ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. குழாயடியில் பெண்கள் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "நல்லா எளச்சிட்டியே! மஸ்கட்டுக்காரரு வந்தா அடையாளம் தெரியாது போ" என்றார்கள். ஆதிலட்சுமிக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வருஷத்தில் அவள் ஜெயித்த ஒரே காரியம் அது.

தினமும் பாதித் தட்டு. தினமும் நாதாங்கி. தினமும் அதே வசவு.

கொஞ்ச நாளில், அவள் தின்ற பாதியிலும் உப்புக் குறைந்தது. கை நிறையப் போட்டாலும் ஏறவில்லை. தின்றாள், பசித்தது. மறுபடி தின்றாள், இன்னும் பசித்தது. ஒருநாள் தட்டு நிறையத் தின்றுவிட்டு எழுந்தபோது வளையல் கையிலிருந்து தானாகக் கழன்று விழுந்து உருண்டது. தோள் எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நான் கொறைக்கத்தான் சொன்னேன், பட்டினி கெடக்கவா சொன்னேன்?" என்று கோபித்துக்கொண்டார்.

"சாப்புடுறேம்மா. சத்தியமா சாப்புடுறேன்."

டாக்டரம்மா அதை நம்பவில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை. உச்சிவேளை. ஜெயம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தெருவில் தறிச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. ஆதிலட்சுமி வழக்கம்போலக் குசினிக் கதவைத் தட்டினாள். மூன்று முறை, மெல்ல.

உள்ளேயிருந்து தட்டினார்கள்.

மூன்று முறை.

மெல்ல.

கதவின் அந்தப் பக்கம், இடுப்பு உயரத்தில், நகம் மரத்தைச் சுரண்டியது. ஊசிப்போன நீராகாரத்தின் வாடை கதவிடுக்கில் வந்தது. அவள் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கே ஓடினாள். வீராயி பிடித்து உட்கார வைத்து, வெல்லம் போட்ட தண்ணீர் கொடுத்தாள். அதிலும் இனிப்பு இல்லை.

"சொல்லுக்கா. அந்த வூட்டுல யாரு இருந்தாங்க?"

வீராயி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வூட்டுச் சொந்தக்காரரு சொல்தா நாராயணசாமி இருக்காரே, பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயா இருந்து வந்தவரு, அவரோட அம்மா. சின்னப்பாப்பான்னு பேரு. புருஷன் செத்த துக்கத்துல அந்தம்மா ஓயாம தின்னுட்டே இருக்கும். நல்லா பெருத்துப் போச்சு. கொறைக்கலைன்னா உசுருக்கு ஆபத்துன்னு வைத்தியர் சொல்லிட்டாராம். பட்டாளத்துக்காரரு இல்லியா, ஒழுங்கு பண்றேன்னு அந்த உள்ரூம்புல போட்டுப் பூட்டிட்டாரு. அப்ப அது குசினி இல்ல. வேளைக்குப் பாதித் தட்டு. கதவத் தட்டிட்டுத் தெறந்து உள்ள தள்ளுவாங்க. மறுபடி பூட்டு."

"யாரும் கேக்கலியா?"

வீராயி வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு போடாமலே இருந்தாள். "அந்தம்மா எளச்சி வந்துச்சா... நல்லாத்தான் இருக்குதுன்னு நாங்களும் சொன்னோம். கடசியில வாய்க்கரிசி போடப் போனா வாயத் தெறக்கவே முடியல. பல்லு அப்படிக் கிட்டிக் கெடந்துச்சு."

ஆதிலட்சுமிக்கு அழுகை வந்தது. பயத்தால் மட்டும் இல்லை. துக்கத்துக்குச் சோற்றைத் தவிர வேறு துணை இல்லாத ஒருத்தியை அவளுக்குத் தெரியும். அவளைத்தான் அவள் தினமும் மூதேவி என்று திட்டிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

அன்றே வீட்டைக் காலி செய்திருக்க வேண்டும். ஆனால் எங்கே போவது? சேதராப்பட்டில் அண்ணன் அம்மாவாசை இருந்தான். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிற வீடு அது. கன்னியப்பனுக்குச் சொன்னால் பட்டினியில் புத்தி பிசகிவிட்டது என்பான். ஆளனுப்பி அண்ணனைக் கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். முன்னறையிலேயே மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துச் சமைத்தாள். குசினிப் பக்கம் போகவில்லை. உள்ளே தட்டுகிற சத்தம் தினமும் மதியம் கேட்டது. கேட்டுக் கேட்டு, அது கெஞ்சுகிற சத்தம் என்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை. ஜெயத்துக்கு அரைநாள் பள்ளிக்கூடம். அவள் வருவதற்குள் ஆதிலட்சுமி ஒரு முடிவுக்கு வந்தாள். பெரிய தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அப்பளம் வைத்து, குசினிக் கதவை அகலத் திறந்து உள்ளே போனாள். இந்தத் தடவை பாதி இல்லை.

"சாப்புடு தாயி. முழுசா சாப்புடு. இனிமே யாரும் பூட்ட மாட்டாங்க."

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நாதாங்கி விழுந்தது.

கண்ணுக்கு எதிரில் கை தெரியாத இருட்டு. ஓட்டு ஓட்டையில் வந்த வெளிச்சமும் யாரோ துணி வைத்து அடைத்தது போல நின்றுபோனது. அவள் கதவைத் தட்டினாள், இடித்தாள், கத்தினாள். கனமான கதவு. குரல் உள்ளேயே கிடந்தது. விரலால் தடவியபோது கதவின் உட்பக்கத்தில் வழவழப்பான பள்ளங்கள் தட்டுப்பட்டன. அவள் விரல்கள் ஒவ்வொன்றும் அவற்றில் சரியாகப் பொருந்தின.

உள்ளே யாரும் இல்லை. அதை அவளால் உணர முடிந்தது. அவளைத் தவிர அந்த அறையில் யாரும் இல்லை.

பசித்தது. அப்படியொரு பசியை அவள் அறிந்ததில்லை. தரையில் உட்கார்ந்து தட்டைத் தடவி அள்ளி அள்ளித் தின்றாள். வாயில் மண்ணின் ருசியும் இல்லை, சோற்றின் ருசியும் இல்லை.

அப்போது கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல். அவளே பேசுவது போல, அதே எரிச்சலோடு.

"இது உனக்கில்லடி, மூதேவி."

பிறகு தட்டில் சோறு பிசையும் சத்தம். யாரோ நிதானமாக, ருசித்து மெல்லும் சத்தம்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. நாதாங்கி விலகியது. ஆதிலட்சுமி கூடத்தில் வந்து விழுந்தாள். கண்ணைக் குத்தும் வெயில். கூடத்தில் யாருமில்லை. வழித்து நக்கிய தட்டு ஒன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் ஜெயத்தின் பள்ளிக்கூடப் பை.

ஜெயம் தெருப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி வந்தே? எப்ப வந்தே? சாப்ட்டியாடி?"

"ம்" என்றாள் ஜெயம். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாமான்களைக்கூட எடுக்காமல் அன்றே சேதராப்பட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அண்ணன் தங்கச்சி எலும்பாய் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனான். கூரை வீடு. அடுப்படி என்பது கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம். அதற்குக் கதவு கிடையாது. அதைப் பார்த்ததும்தான் ஆதிலட்சுமிக்கு மூச்சு வந்தது.

அண்ணி ரசம்சோறு பிசைந்து கொடுத்தாள். ஆதிலட்சுமி பயந்து பயந்து ஒரு வாய் வைத்தாள்.

உப்பு இருந்தது.

மிளகும் புளியும் இருந்தன. அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே சாப்பிட்டாள். வயிறு நிறைந்ததும் கை தானாக நின்றது. பசித்தால் சாப்பிடுவது, அழுகை வந்தால் அழுவது என்று அவள் மெல்லப் பழகிக்கொண்டாள். அண்ணியிடம் அம்மாவைப் பற்றிப் பேசினாள். கன்னங்கள் கொஞ்சம் தேறின. டாக்டரம்மாகூட, இப்போதுதான் சரியான உடம்பு என்றார்.

புரட்டாசியில் ஒரு மதியம். அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளோடு கரும்புக் காட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெயம் தட்டில் சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்தாள். பாதியை ஓரமாகத் தள்ளினாள்.

ஆதிலட்சுமி அப்போதுதான் மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். தன் உடம்பு தேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைப் பார்க்கத் தவறியிருந்தாள்.

"ஏன்டி தள்ளி வெக்கிற? வளர்ற புள்ள, சாப்புடு."

"இது எனக்கில்லம்மா. அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

ஜெயம் கீற்றுத் தடுப்பைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நெறையத் தின்னா உள்ள போட்டுப் பூட்டிடுவாங்களாம்."

"யாருடி சொன்னது?"

"நீதான். அன்னைக்கு ஸ்கூலு விட்டு வந்தேனே. கூடத்துல ஒக்காந்து சாப்ட்டுட்டு இருந்தியே. என் பங்கையும் எடுத்துக்கிட்டியே. அப்பறம் கதவத் தட்டித் தெறந்துட்டு, எங்கிட்ட வந்து..."

ஆதிலட்சுமி மகளைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டாள். பிள்ளை சருகாய் இருந்தாள். அந்தப் பாதிச் சோற்றை எடுத்து மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

"நான் பூட்ட மாட்டேன்டி. சத்தியமா பூட்ட மாட்டேன். தின்னு கண்ணு. எல்லாம் உனக்குத்தான்."

ஜெயத்தின் பல் கிட்டிக்கொண்டிருந்தது. வாய் திறக்கவே இல்லை.

கதவே இல்லாத அடுப்படியிலிருந்து, கனமான மரத்தை யாரோ தட்டினார்கள். மூன்று முறை. மெல்ல.