அப்பாவோட செடி

நொம்செபோவின் அண்ணி ஸிபுயிலே, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை. அவள் பேசுவது வீட்டில் பாதிப் பேருக்குப் புரிவதில்லை.

காரணம், மாமனாரின், அதாவது நொம்செபோவின் அப்பாவின், பெயர். அவர் பெயர் நியெம்பே. எங்கள் ஊரில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லவே மாட்டாள். பெயரை மட்டுமா? வேறு எந்தச் சொல்லுக்குள் அந்தப் பெயர் ஒளிந்திருந்தாலும் அதையும் சொல்ல மாட்டாள். கண்ணீருக்கு நாங்கள் சொல்வது 'இஸிநியெம்பேஸி'. உள்ளே மாமனார் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்! அதனால் வெங்காயம் நறுக்கும்போது அண்ணி, "ஐயோ, கண்ணுல அப்பாவோட தண்ணி கொட்டுது!" என்பாள்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். நொம்செபோ மட்டும், "கண்ணீரா அண்ணி?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

குளிர்கால விடுமுறைக்கு அத்தை மகன் லுவாண்டிலே டர்பன் நகரத்திலிருந்து வந்திருந்தான். நொம்செபோவைப் போல அவனுக்கும் வயது பத்துதான். பேச்சு மட்டும் நாற்பது வயதுக்காரர் மாதிரி இருக்கும்.

அன்று வீட்டில் ஆடு அடித்திருந்தார்கள். நியெம்பே பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கறி கொடுத்தார்.

"பாறை மேல நெருப்பு மூட்டுங்க. காய்ஞ்ச புல்லு பக்கம் போனீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்றார்.

நொம்செபோ, லுவாண்டிலே, நான்கு வயதுத் தங்கை ஸாமா மூவரும் குன்றுக்குப் போனார்கள். நொம்செபோ நெருப்பு மூட்டினாள். லுவாண்டிலே பாறைகளுக்குப் பின்னால் போய், பட்டை உரித்த குச்சிகளோடு வந்தான்.

"பாத்தியா? முள்ளே இல்லாத செடி. குச்சி எவ்வளவு நேரா இருக்கு! நீங்க இங்கயே இருந்தும் இது தெரியல" என்றான்.

"ஆமா, நீ பெரிய ஆளு. கறியைக் கோர்த்துக் கொடு" என்றாள் நொம்செபோ.

கறி பொன்னிறமானது. ஸாமாவுக்குப் பொறுமையில்லை. முதல் குச்சியை அவள்தான் வாங்கிக்கொண்டாள். சூடு தாங்காமல் உஃப் உஃப் என்று ஊதினாள்.

அப்போது கீழே சரிவிலிருந்து சத்தம் வந்தது. கூரைக்குப் புல் அறுக்கப் போன அண்ணி, ஒடிந்து கிடந்த செடியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய்! சாப்பிடாதீங்க! அது... அது அப்பாவோட செடி!"

லுவாண்டிலே சிரித்தான்.

"மாமாவோட செடியாம்! ரெண்டு குச்சி ஒடிச்சதுக்கா இந்தக் கத்து? நான் மாமாகிட்ட சொல்லிக்கிறேன் அக்கா!"

"அப்பாவோட செடி! அப்பாவோட செடிடா!" அண்ணி அரிவாளைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தாள்.

அப்பாவுக்கு ஏது செடி? மாடு உண்டு, ஆடு உண்டு, சோளக்கொல்லை உண்டு. நொம்செபோ யோசித்தாள். அப்பாவோட தண்ணி என்றால் கண்ணீர். அப்பாவோட செடி என்றால், அப்பா பெயர் உள்ளே இருக்கிற செடி. எந்தச் செடிக்குள் நியெம்பே இருக்கிறது?

ஹ்லுங்குநியெம்பே!

அந்தக் காலத்தில் அம்பு முனையில் தடவிய விஷம் அது. அந்தக் குச்சியில் கறி சுட்டுத் தின்றவர்கள் பிழைக்கவில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

ஸாமா வாயைத் திறந்தாள். நொம்செபோ பாய்ந்து அவள் கையில் ஓங்கி அடித்தாள். கறி நெருப்பில் விழுந்தது.

"என் கறீ!" என்று ஸாமா அலறினாள்.

"விஷக் குச்சிடி! லுவாண்டிலே, கீழ போடு!"

லுவாண்டிலே போட்டுவிட்டான். அவன் முகத்தில் டர்பன் பெருமை கொஞ்சமும் இல்லை.

அண்ணி வந்து சேர்ந்தாள். மண்ணை அள்ளி நெருப்பை மூடினாள். மூவரையும் ஓடைக்கு இழுத்துப் போய்க் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு ஸாமாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பேரைச் சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்றான் லுவாண்டிலே, மெல்ல.

"தொண்டை வரைக்கும் வந்துச்சுடா. வாய்க்கு வரல."

ராத்திரிச் சாப்பாட்டின்போது நியெம்பே எல்லாவற்றையும் கேட்டார். அண்ணி தலையைக் குனிந்தபடி களி பரிமாறினாள்.

நொம்செபோதான் பேசினாள். "அப்பா, இனிமே நாம எல்லாருமே அதை 'அப்பாவோட செடி'ன்னே சொல்லலாம். அண்ணி மட்டும் ஒரு பேரு சொல்லி, நாம வேற பேரு சொன்னா, அவங்க கத்துனாலும் நமக்குப் புரியாது."

லுவாண்டிலே முதல் ஆளாகத் தலையாட்டினான்.

நியெம்பே முகத்தைச் சுளித்தார். "நல்லா இருக்கே! போயும் போயும் ஒரு விஷச் செடிக்கா என் பேரு?"

"அதுக்கு ஏற்கெனவே உங்க பேருதானேப்பா!" என்றாள் நொம்செபோ.

அண்ணி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின.

நியெம்பே மகளைப் பார்த்தார். மருமகளின் முதுகைப் பார்த்தார். பிறகு, "சரி, அப்படியே சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் களி போடும்மா" என்று தட்டை நீட்டினார்.