ஐந்து இலைக் கோபுரம்

பங்குனி பிறந்தால் தூத்துக்குடியில் வீடுகளுக்கு மூச்சுச் சோதனை. காலையிலேயே அளவர் என்கிற இயந்திரம் தெருவுக்குள் வரும். ஒவ்வொரு சன்னலிலும் குழாயைச் செருகி, அந்த வீடு வெளியே விடும் புகையையும் வெப்பத்தையும் உறிஞ்சிப் பார்த்து, ஐந்து பச்சை இலைக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அன்று தெருவே விரதம் இருக்கும். அடுப்பு எரியாது, மின்விசிறி சுழலாது. விவரமானவர்கள் முதல் நாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விடுவார்கள்.

ஜெசிந்தா எங்கும் போகவில்லை. ஐப்பசியில் கணவர் லூர்து இறந்த பிறகும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள்; அவருடைய அறையில் விளக்குப் போட்டாள். வேண்டுமென்று அல்ல. கை அப்படிப் பழகிவிட்டது.

"அம்மா, இருப்பவர் ஒருவர், பயன்பாடு இருவருக்கு," என்றது அளவர். "ஓர் இலைகூடத் தேறவில்லை. முப்பது நாளில் வீட்டை இடித்துவிடுவார்கள்."

"இடிச்சா புகை வராதா?"

"அது இடிப்புத் துறையின் கணக்கில் சேரும்."

ஜெசிந்தா முப்பது ஆண்டு சிமெண்ட் ஆலையில் சூளை பார்த்தவள். "அந்தா நிக்கே கண்ணாடிக் கோபுரம், அதுக்கு எத்தன இலை?"

"ஐந்து. மாநிலத்தில் முதலிடம்."

"அதுக்குச் சுட்ட சிமெண்டு, உருக்குன கம்பி?"

"கட்டியது போன ஆண்டு, அம்மா. நான் இந்த ஆண்டை மட்டும்தான் அளப்பேன்."

"நல்லா அளந்தீரு போம்! இந்த வீடு எம்பது வருசமா நிக்கு. இதைக் கட்டுன புகை எப்பவோ ஆறிப்போச்சு. எங்க வீட்டுக்காரவுக பொறந்ததே இந்தக் கூடத்துலதான்."

அளவர் குழாயைச் சுருட்டிக்கொண்டது. அதற்கு இரக்கம் இல்லாமல் இல்லை. படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை.

இடிபடும் வீட்டாருக்கு ஐந்து இலைக் கட்டடத்தில் இடம் தர வேண்டும் என்பது சட்டம். இடிப்புக்கு இரண்டு நாள் முன்பு ஜெசிந்தாவைக் கோபுரத்தின் ஐம்பத்திரண்டாம் மாடியில் கொண்டுபோய் விட்டார்கள்.

"பக்கத்து வீட்ல யாரு?" என்று மின்தூக்கியிடம் கேட்டாள்.

"மற்ற எல்லா வீடும் விற்றாகிவிட்டது, அம்மா. குடியிருப்பவர் நீங்கள் மட்டும்தான்."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் ஒருத்திக்காகத் தண்ணீர் ஐம்பத்திரண்டு மாடி ஏறியது. சன்னல்கள் திறக்காது என்பதால் குளிரூட்டி உறும ஆரம்பித்தது. சுவரில் மின்னிய ஐந்து பச்சை இலைகளில் ஒன்று அணைந்தது. பிறகு இன்னொன்று.

உடனே கூடத்தில் ஓர் ஒளியுரு பதறிக்கொண்டு தோன்றியது. கோபுர உரிமையாளர் சங்கச் செயலர் கதிரேசன். மற்ற உரிமையாளர்களைப் போலவே நிலவுக் குடியிருப்பில் வசிப்பவர்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"மீன் கொழம்பு வைக்கேன்."

"அணைங்கக்கா! ரெண்டு இலை போயிருச்சு!"

"பின்னே பட்டினி கிடக்கவா?"

"ஐஞ்சு இலைன்னுதானே அறுநூறு பேரும் வாங்கினோம். குடியிருக்கவா வாங்கினோம்? உங்க பழைய வீடு என்னாச்சு?"

"நாளன்னைக்கு இடிக்காங்க, தம்பி."

கதிரேசனின் உருவம் அவள் முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தது. "யாரைக் கேட்டு இடிக்கிறாங்க?" என்றார்.

அறுநூறு உரிமையாளர்களும் ஒரே நாளில் மனுப்போட்டார்கள். மறுநாளே ஆணை வந்தது: ஐந்து இலைக் கட்டடத்தின் தூய்மையைக் காக்கும் பொருட்டு, ஜெசிந்தா தன் பழைய வீட்டிலேயே ஆயுள் முழுவதும் வசிக்க வேண்டும். ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதாள்.

சித்திரையில் கோபுரத்துக்குப் பரிசு கிடைத்தது: 'மனிதர் வாழச் சிறந்த இல்லம்'. அதைக் கைதட்டி வாங்க அறுநூறு பேரும் நிலவிலிருந்து ஆளுக்கொரு விண்கலத்தில் வந்து இறங்கினார்கள்.