மூடாத வட்டம்

"யாருட்டி இதை மூடினது?"

பூங்கொடியின் குரல் கேட்டு உதவிக்கு வந்திருந்த கீழ்வகுப்பு முத்துசெல்வி நிமிர்ந்தாள். அவள் கை நிறையக் கோலப்பொடி.

"நாந்தான்க்கா. பாதியில விட்டுட்டுப் போயிட்டிய. கோலத்தை மூடாம விடக் கூடாதுலா?"

வகுப்பறைத் தரையில் கரிசல் மண்ணைப் பரப்பியிருந்தார்கள். அதுதான் வானம். அதன்மேல் வெள்ளை வட்டம். வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சம் அது. ரேடியோ தொலைநோக்கி எடுத்த படத்தைப் பார்த்து பூங்கொடி வரைந்தாள். படத்தில் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. ஏன் திறந்திருக்கிறது என்று சொல்வதுதான் அவர்களுடைய கண்காட்சியே.

இப்போது அது அழகான, தப்பான கோலம்.

"ஏட்டி, அந்த மேடம் பக்கத்து வகுப்புக்கு வந்துட்டாவ!" வாசலில் நின்ற ஹரி கத்தினான்.

வந்திருப்பவர் வானியல் ஆய்வாளர். ஒரே ஒரு குழுவை உண்மையான ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கக் கூட்டிப்போவார்.

பூங்கொடி கோட்டை விரலால் தேய்த்தாள். வெள்ளை பரவிக் கறையானது. இன்னும் மோசம்.

"நாந்தான் கெடுத்தேன்னு சொல்லிருங்கக்கா." முத்துசெல்வி மூக்கை உறிஞ்சினாள்.

பூங்கொடிக்கு அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் மட்டும் வட்டம் திறந்துவிடுமா? மூலையில் மிச்ச மண் சாக்கோடு கிடந்தது.

"மூக்கைத் துடை. சாக்கை இழு."

இருவரும் கட்டிகளைப் பொடித்து, முத்துசெல்வி மூடிய கோட்டின்மேல் தூவினார்கள். தூவிக்கொண்டே பூங்கொடி மூச்சுவிடாமல் சொன்னாள்: "இந்தப் பக்கம் வாயு அடர்த்தி. வெடிச்சது அதுல மோதுது, ரேடியோ அலை பலமா வருது. அந்தப் பக்கம் மோத ஒண்ணும் பெருசா இல்ல. அதான் தெரியல."

"மேடத்துக்கு வேர்க்கும்லா, ஃபேன் போடுதேன்," என்றான் ஹரி.

"ஏலே, கையை எடு! வானமே பறந்துரும்!"

ஆய்வாளர் உள்ளே வந்துவிட்டார். குனிந்து, வட்டத்தின் திறந்த பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எதுவுமே இல்லையா?"

பூங்கொடி கையிலிருந்த மண்ணை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இருக்கு மேடம்," என்றாள் முத்துசெல்வி. "கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"எப்படிச் சொல்றே?"

"நாந்தானே போட்டேன்!" அவள் மண்ணை லேசாக விலக்கினாள். அடியில் வெள்ளைக் கோடு.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாங்களும் இப்படித்தான் தேடிக்கிட்டிருக்கோம். தொலைநோக்கியைப் பார்க்க எத்தனை பேர் வருவீங்க?"

ஹரி தன்னையும் பூங்கொடியையும் எண்ணி இரண்டு விரலைக் காட்டினான். பூங்கொடி முத்துசெல்வியைப் பார்த்துக்கொண்டே அவன் மூன்றாவது விரலையும் பிடித்து நிமிர்த்தினாள்.

"இப்பமாச்சும் ஃபேன் போடட்டுமா?" என்றான் ஹரி.

"போடாதே!"

முதலில் கத்தியது அந்த மேடம்தான்.