பெற்றவள் கொடுத்த புகார்

விடிந்ததும் ஷாமினி தனக்கு மட்டும் தேத்தண்ணி கலக்கிக்கொண்டாள். மாமியார் ராக்கம்மா வெறும் வயிற்றோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் இதுதான் நடப்பு.

"இன்னிக்கு அவரைச் சிரம்பான் கோர்ட்டுக்குக் கொண்டு வர்றாங்க. நீங்க வராதீங்க," என்றாள் ஷாமினி. "பெத்த புள்ளையப் புடிச்சுக் குடுத்த மூஞ்சிய அவரு பாக்க வேணாம்."

ராக்கம்மா சரி என்று மட்டும் சொன்னாள்.

கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு முழுக்க இதே ஏச்சுதான். கோயிலில்கூட அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மகன் தர்மராஜ் சிறையில் வார்டராக இருந்தவன். இப்போது கைதி.

ஜெயிலுக்குள் சியாபு என்கிற போதைப்பொருள் எப்படிப் போகிறது என்று படித்தவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். வாசல் வழியாகத்தான் போகிறது. திறந்துவிடுகிறவன் அரசாங்கச் சம்பளக்காரன். கைதியின் வாய்க்குள்கூட விளக்கடித்துப் பார்ப்பார்கள். வார்டரின் சோற்றுச் சட்டியை எவனும் திறப்பதில்லை.

பிறந்ததிலிருந்து ஒரு தட்டைக்கூட அலசாத தர்மராஜ், அடுக்குச் சட்டியின் கீழ்த்தட்டை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். ராக்கம்மா நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள், இனி உனக்குச் சோறு கட்ட மாட்டேன் என்றாள். அவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் கக்கிவிட்டான். செய்யச் சொன்னவர்கள் மேலதிகாரிகள்.

அன்றைக்கே ஷாமினிக்குத் தெரியாமல் மகனை ஊழல் தடுப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அவன் ஒவ்வொருத்தன் பெயராகச் சொன்னான். ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்றார் அங்கிருந்தவர். ராக்கம்மா நம்பவில்லை. எந்தக் காகிதம் எவன் மேசைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தவன் இவன்தான் என்று தெரிந்தால், உள்ளே ஒரு வாரம்கூட உயிரோடு விடமாட்டார்கள்.

அவனைப் பிடித்து வைத்த மறுநாள், மளிகைக் கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள்.

"நான்தான் போலீசுல சொன்னேன். அவன் யாரு பேரையும் சொல்லல, கல்லு மாதிரி நிக்கிறான்," என்றாள்.

அந்தப் பேச்சு தானாகவே சிறைக்குள் போய்ச் சேர்ந்தது. ஊர் அவள் முகத்தில் துப்பாத குறைதான். மகனை உள்ளே யாரும் தொடவில்லை.

சாயங்காலம் ஷாமினி திரும்பி வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் மேலதிகாரிகளாம். தர்மராஜ் சாட்சிக் கூண்டில் ஏறி, தாய் செய்ததையெல்லாம் சொல்லிவிட்டானாம்.

ராக்கம்மா அவசரமாகக் கேட்டாள், "திரும்ப அதே எடத்துக்கா கொண்டு போறாங்க?"

"இல்ல அத்தை. வேற எடத்துல தனியா வைக்கச் சொல்லி ஜட்ஜு ஆர்டர் போட்டுட்டாரு. தண்டனை முடிஞ்சு ஒம்பது நாள்ல விட்டுருவாங்க."

ராக்கம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"என்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்லா அத்தை... எப்படியெல்லாம் ஏசிட்டேன்..."

"சொல்லியிருந்தா நீ என்னைய நல்லா பாத்துக்கிட்டிருப்ப. அதை நாலு பேரு பாத்திருப்பாங்க. நீ மனசார ஏசினாத்தான் அவனுக்கு உசிரு."

ஷாமினி அந்த மடியில் விழுந்து கதறினாள். ராக்கம்மா அவள் முதுகை நெடுநேரம் தடவிக்கொடுத்தாள்.

"கொஞ்சம் அந்தக் காலு பக்கம் சாஞ்சுக்க. இந்த முட்டி வலிக்குது."

ஷாமினி தலையை நகர்த்தி வைத்துக்கொண்டு மறுபடி அழுதாள்.