நீலத் தொட்டியில் காளிதாஸ்

காலை ஏழு மணி. நாமக்கல்லுக்கு வெளியே, ஒரு பழைய கோழிக் கொட்டகை. நீலத் தண்ணீர்த் தொட்டிக்குள் கால் மணி நேரம் துழாவி, இரும்புக் கொக்கியால் அங்கே வேலை பார்த்த காளிதாஸின் பிணத்தைத் தூக்கினார்கள். விரல் நுனியெல்லாம் மஞ்சளாக வெந்திருந்தது. கீழே போட்ட கொக்கி பளபளவென்று கிடந்தது.

பழைய செல்போன் போர்டுகளை நுண்ணுயிர்த் தண்ணீரில் ஊறப்போட்டால் செம்பு கரைந்துபோகும், அதில் பூசியிருக்கும் தங்கம் மிஞ்சும். அப்படிச் சொல்லித்தான் முதலாளி சந்திரசேகர் மானியமும் மாலையும் வாங்கியிருந்தார்.

"ராத்திரி குடிச்சுப்போட்டு வந்து விழுந்துட்டானுங்க மேடம். பாவம், போஸ்ட்மார்ட்டமெல்லாம் எதுக்குங்க?" என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

"எங்கூட்டுக்காரரு ஒரு சொட்டு தொட்டதில்லீங்க! செத்தவருக்குக் குடிகாரப் பட்டம் கட்டறீங்களே!" சாலம்மாள் மண்ணில் அறைந்து கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் சத்யபிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான் என்ற தைரியம்தானே இவனுக்கு!

"தண்ணி ஏன் நீலமா இருக்குது?"

"செம்பு கரைஞ்சிருக்குதுங்க. எல்லாம் நுண்ணுயிர் வேலை."

"தங்கமும் இதுல எடுத்ததுதானா?"

"சத்தியமா இதுலதானுங்க."

சத்யபிரியா கொக்கியை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பை விட்டா, அது மேல செம்பு படிஞ்சு செவந்துரும். பத்தாங்கிளாஸ் பாடம். இது கால் மணி நேரம் உள்ள கிடந்துச்சு. எங்க செம்பு?"

சந்திரசேகரின் கண் பின்னால் பூட்டிக் கிடந்த அறைப் பக்கம் ஓடியது.

"இது சொட்டு நீலம். பாக்க வர்றவங்களுக்குக் காட்டற வேஷம். பின்னாடி ரூம் பூட்டை உடைங்க!"

கதவு திறந்ததும் நெடி தொண்டையைப் பிடித்தது. ஆசிட் கேன்கள், பாதி கரைந்த போர்டுகள், காளிதாஸின் செருப்பு. ஜன்னல் ஒன்றுகூட இல்லை.

"அந்த விரல் மஞ்சள் இந்த ஆசிட்டுதான். புகையில மூச்சு முட்டிச் செத்தவரைத் தூக்கிட்டு வந்து தொட்டியில போட்டிருக்கீங்க."

"நுண்ணுயிருக்குப் பத்து நாள் ஆகுமுங்க," என்று முனகினார் முதலாளி. "ஆசிட்டுன்னா ஒரு மணி நேரம். வியாபாரி காத்திருக்க மாட்டானுங்க."

சாலம்மாள் அழுகையை நிறுத்தினாள். "அந்தப் பத்து நாள் பொறுத்திருந்தா அவரு உசுரோட இருந்திருப்பாருங்களா?"

சத்யபிரியாவுக்கு மழுப்ப மனம் வரவில்லை. "இருந்திருப்பாரும்மா."

சாலம்மாள் பாய்ந்து முதலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். விலக்கிவிட ஓடிவந்த கான்ஸ்டபிளை சத்யபிரியா கை நீட்டித் தடுத்தாள்.