செடிக்குப் போன மூச்சு

முத்துப்பேச்சி கிட்டே போனால் மட்டும் குமிழி வேகமாக வந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குமுளிக்கு மேலே அந்த எஸ்டேட்டில் ஆடி மழை பிடித்துவிட்டால் பட்டப்பகலிலேயே வீட்டுக்குள் இருட்டிவிடும். அந்த இருட்டில், மூலையில் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும் கண்ணாடித் தொட்டியைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். அவள் தாண்டும்போது, தண்ணீருக்குள் சோம்பலாக ஏறிக்கொண்டிருந்த குமிழிகள் திடீரென்று சரம்சரமாகக் கிளம்பின. அடுப்படிக்குள் போனதும் மறுபடி சோம்பின. உப்பு எடுக்கிற சாக்கில் திரும்பி வந்தாள். மறுபடியும் சரம்.

அவள் புருஷன் சங்கையா தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். மானேஜர் பங்களாவில் லைட் பார்க்கப் போனவன் அங்கே ஒரு மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பிடித்த பித்து. இவனுக்கு மீன்கூட வேண்டாம், தண்ணீருக்குள்ளே ஒரு காடு வேண்டுமாம். ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, ஒழுகாமல் இடுக்கெல்லாம் புட்டி பூசினான். கழித்துப்போட்ட டியூப்லைட் ஒன்றைச் சோக்கோடு கொண்டுவந்து மேலே தொங்கவிட்டான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித்தாளை அதன் முதுகில் வளைத்துக் கட்டியதும், வெளிச்சம் மொத்தமும் ஒரு பொட்டு சிந்தாமல் தண்ணீருக்குள் இறங்கியது. செடிகள், பெரியாற்றுத் தேக்கத்தில் மொட்டை மொட்டையாக நிற்கிற பட்டமரங்களின் அடியிலிருந்து அவன் பிடுங்கி வந்தவை. கையில் எடுத்தால் கொழகொழவென்று, வடிகாலில் அடைத்துக்கொண்ட தலைமுடி மாதிரி வழியும்.

வெளிச்சம் மட்டும் போதாது, செடிக்குக் கரியமில வாயுவும் வேண்டும் என்றான். அதற்கு அவன் கண்ட வழிதான் அவளுக்குச் சகிக்கவில்லை. கீழே சமவெளியில், தென்னங்கள்ளு இறக்குகிற வேலந்தாவளம் பக்கம் லாரி ஓட்டுகிற கூட்டாளி மூலமாகக் கள்ளுப் பானையின் அடிமண்டியை வரவழைத்து, வெல்லத் தண்ணீரோடு ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் அடைத்தான். மண்டி பொங்கினால் வாயு வரும். வாயு ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழியாகப் போகும். ஆனால் கீழ்நாட்டு வெயிலில் பொங்கிப் பழகின மண்டி, மலைக்குளிரில் அசையாமல் படுத்துவிட்டது. சூடு வேண்டும். அந்த வீட்டில் எப்போதும் சூடாக இருந்த ஒரே இடம் அவள் படுக்கை.

“ஏங்க, கள்ளுக்கடையக் கொண்டாந்து எம் பக்கத்துல படுக்கப் போடுதீங்களே, நல்லாவா இருக்கு?”

“அட, அது செடிக்கு மூச்சுட்டி. வயித்தோட அணைச்சுக்கிட்டுப் படு. ஒரே சூட்டுல ரெண்டு புள்ளை வளந்துட்டுப் போகுது.”

“வாயக் கழுவுங்க. நாத்தம் கொடலப் பெரட்டுது.”

“மாசமா இருந்தா ரசஞ்சோறுகூடத்தான் நாறும். கொஞ்சநாள் பொறுத்துக்கோ.”

பொறுத்தாள். இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனது. இந்த முறைதான் ஆறாம் மாதத்தைத் தொட்டு, உள்ளேயிருந்து உதை தெரிந்தது. அவள் உயிர் மொத்தமும் அந்த உதையில் இருந்தது. அதன் பக்கத்தில் இந்தப் பாட்டில்.

அவள் சூட்டில் மண்டி தடித்தது. மேலே தயிராடை மாதிரி ஒரு தோல் படர்ந்து, நாளாக ஆகச் சுருக்கம் விழுந்து, தொப்புள் மாதிரி நடுவில் குழிந்தது. புளித்த கள்ளும் குழந்தை கக்கின பாலும் கலந்த ஒரு வாடை போர்வையில் ஏறி, அவள் கூந்தலில் ஏறி, கடைசியில் சோற்றிலும் ஏறியது. கட்டிலிலிருந்து சுவரோரமாகத் தொட்டிவரை ஓடிய குழாயின் உள்ளே வெள்ளையாகச் சளி கட்டியது. செடிகளோ தளதளவென்று, இலைக்கு இலை முத்துக் கோத்த மாதிரி குமிழியோடு நின்றன. அவளுக்குத்தான் குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மூச்சு முட்டியது.

டிஸ்பென்சரியில் ஆயாவாக இருக்கிற பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள் ஒருநாள் மத்தியானம் வந்து அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையைச் சட்டென்று எடுத்தாள்.

“என்னட்டி, வயிறு இப்படிச் சில்லுன்னு கெடக்கு? புள்ள அசையுதா?”

“காலையில அசைஞ்சுதுக்கா.”

“நாளைக்கு டாக்டரு வாராரு. மொத ஆளா வந்து நில்லு.” வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “வீட்டுக்குள்ள என்னத்தட்டி செத்துக் கெடக்கு?”

சங்கையா சாயங்கால ஷிப்டுக்குப் போனான். மழை தகரத்தில் அறைந்தது. முத்துப்பேச்சி கட்டிலில் உட்கார்ந்து வயிற்றை அமுக்கினாள், தட்டினாள், புரண்டு படுத்துப் பார்த்தாள். அசைவில்லை. போர்வைக்குள் கை விட்டாள். பாட்டில் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. விரலுக்குக் கீழே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தோல் மெல்ல ஒரு சுருக்கம் சுருங்கி விரிந்தது.

குழாயைப் பிடுங்கி எறிந்தாள். பாட்டிலை முந்தானையால் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடி, தேயிலைச் சரிவில் வீசினாள். பாறையில் உடைந்த சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு நடுவே அந்தத் தோல் முழுசாக வழுக்கி வந்து, மழையில் நனைந்துகொண்டே கிடந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

குமிழி வந்துகொண்டிருந்தது.

பாட்டிலில் செருகியிருந்த குழாயின் முனை கட்டில்மேல் கிடந்தது. வெறும் குழாய். அதன் வாயில் சளி மட்டும் மினுங்கியது. சோக் இரைந்தது. பச்சை வெளிச்சத்தில் ஒரு குமிழி ஏறி, மேலே உடைந்தது.

வயிற்றில் ஓர் உதை.

பயத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு குமிழி. இன்னோர் உதை. பிறகு நீண்ட இடைவெளி. குமிழி சின்னதாக வந்தது. உதை, விரல் நுனியால் தட்டின மாதிரி. பிறகு இன்னும் நீண்ட இடைவெளி.

குமிழி இல்லை.

வயிற்றில் ஒன்றுமில்லை.

“ஐயோ... ஐயோ, எஞ்சாமி.”

குழாயை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். சளி போகவில்லை, நூல் நூலாக நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு அதை வாயில் வைத்தாள். வெதுவெதுப்பு. புளிப்பு. கக்கின பால். தொண்டை எதிர்த்து எக்கியது. விழுங்கிவிட்டு, ஊதினாள்.

குமிழி.

உதை.

அழுதுகொண்டே ஊதினாள். குமிழி. உதை. குமிழி. உதை. நெஞ்சு காலியாகும்வரை ஊதினாள். இனி முடியாது. ஒரு வாய் காற்று இழுத்துக்கொள்ள நிறுத்தினாள்.

குமிழி நிற்கவில்லை.

சரம்சரமாக ஏறியது. அவள் நாக்கு குழாயின் வாயில் போய் ஒட்டியது. கையால் இழுத்துப் பார்த்தாள். உதடும் சேர்ந்து இழுபட்டது. மூக்கால் எடுத்த காற்று நெஞ்சில் இறங்கவில்லை, நேராகக் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போனது. தொட்டிக்குள் செடிகள் அத்தனையும் வெளிச்சத்தை விட்டுவிட்டு, அவள் பக்கத்துக் கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டன. அவள் விலா ஒவ்வொன்றாக உள்ளே அமுங்கியது.

வயிற்றுக்குள் பிள்ளை துள்ளியது. இதுவரை இல்லாத பலத்தோடு, ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு முறை, பசியாறுகிற மாதிரி.